கூரை மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிறு சிறு மின் உற்பத்திகளைக் கட்டமைப்போடு இணைப்பது குறித்து ஒரு பொறியியல் பேராசிரியர் பல ஆண்டுகளாக ஆராய்வதாகப் படித்தேன். கூரையில் சூரியத் தகடு வைத்துக் கம்பியை இணைத்தால் முடிந்தது. இதில் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: ஒரு வீட்டளவில் நீங்கள் சொல்வது சரி. தெருவில் எல்லா வீடுகளும் இணைந்த பிறகுதான் பேராசிரியருக்கு வேலை வருகிறது. மின்சாரம் வீட்டை நோக்கி ஒரே திசையில் பாயும் என்று நம்பி அமைக்கப்பட்டவை விநியோகப் பாதைகள். போகப் போக மின்னழுத்தம் குறையும் என்பதால் டிரான்ஸ்பார்மரிலேயே அதைச் சற்றுக் கூட்டி வைப்பார்கள். நண்பகலில் கூரைகளெல்லாம் உற்பத்தி செய்ய, வீடுகளில் செலவு குறைவாக இருக்க, மிச்ச மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பும்போது, அழுத்தம் குறைந்திருக்க வேண்டிய கடைசி வீட்டில்தான் அது மிகவும் ஏறுகிறது. வரம்பு தாண்டியதும் அவ்வீட்டு இன்வெர்ட்டர், அதாவது தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றிப் பாதையோடு இணைக்கும் கருவி, விலகிக்கொள்ளும். நல்ல வெயிலில் உற்பத்தி நின்றதே என்று வீட்டுக்காரர் தகடு விற்றவரைத் திட்டுவார். பாவம், அவர்மீது குற்றமில்லை.

இதைவிட நுட்பமானது அதிர்வெண், அதாவது மாறுமின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. ஐரோப்பாவில் அதன் இயல்பளவு 50 ஹெர்ட்ஸ்; உற்பத்தி தேவையை மிஞ்சினால் அது ஏறும். ஜெர்மனியில் தகடுகள் சொற்பமாக இருந்த காலத்தில், அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் இன்வெர்ட்டர்கள் உடனே விலக வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அவை பெருகிப் பல ஆயிரம் மெகாவாட் ஆனபின், அத்தனையும் ஒரே கணத்தில் விலகிவிடக்கூடும் என்பது உறைத்தது. திடீர் இழப்பை ஈடுகட்ட ஐரோப்பியப் பெருநிலத்தின் ஒன்றிணைந்த கட்டமைப்பு வைத்திருந்த முதல்நிலைக் கையிருப்போ 3,000 மெகாவாட்தான். 2012இல் இதற்கென்றே ஆணை பிறப்பித்து, முன்பே நிறுவப்பட்டிருந்த இன்வெர்ட்டர்களின் அமைப்பை மாற்றினார்கள். புதியவை அந்த வரம்பைத் தாண்டியதும் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கின்றன. சூரியன் மறையும் நேரம் முன்கூட்டியே தெரியும் என்பதால் அதைச் சமாளித்துவிடலாம்; எல்லா இன்வெர்ட்டர்களும் ஒரே நொடியில் ஒரே முடிவெடுப்பதைத் தடுப்பதே, என் பார்வையில், இத்துறையின் கடினமான பகுதி.

கேள்வி: மின்வெட்டின்போது கூரைத் தகடும் சேர்ந்து நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: வேண்டுமென்றேதான் நிறுத்துகிறார்கள். பாதையில் மின்சாரம் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பியில் கை வைக்கும்போது, உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வரக்கூடாது. 2 நொடிகளுக்குள் விலக வேண்டும் என்கிறது, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1547 தரநிலை. பாட்டரியும் பொதுப் பாதையிலிருந்து வீட்டைத் துண்டிக்கும் சுவிட்சும் இருந்தால் தனியே இயங்கலாம். இதையே ஒரு வளாகம் முழுவதற்கும் செய்வது மைக்ரோகிரிட். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் லாசெட்டர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறையில், இன்வெர்ட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறுவதே இல்லை. சுமை கூடினால் அதிர்வெண் சிறிது தாழும். அந்தத் தாழ்வைப் பார்த்தே ஒவ்வொன்றும் தன் பங்கை ஏற்றுக்கொள்ளும். பெரிய நிலையங்களின் சுழலும் ஜெனரேட்டர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் உத்திதான் இது.