இரண்டே வருடம் இருந்த ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ என்ற அமெரிக்க இசைக்குழுவை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

பாடிய விதத்துக்காகத்தான். 1984-ல் வாஷிங்டன் டி.சி.யில் ஹார்ட்கோர் பங்க் என்ற முரட்டு ராக் இசை என்றால் வேகம், கோபம், கூடவே மேடைக்குக் கீழே அடிதடி. அந்தச் சூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, குழுவின் பாடகர் கய் பிச்சியோட்டோ தன் இழப்பையும் ஏக்கத்தையும் தொண்டை கிழியப் பாடினார். மெட்டும் இருந்தது, கித்தார்கள் ஒன்றோடொன்று பேசின. போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பின்னால் பெயர் பெற்ற இசைக்கு இது ஒரு தொடக்கம்.

மேடை ஏறியது மிகக் குறைவு. ஏறினால் கித்தாரை உடைக்காமல் இறங்கமாட்டார்கள். அடுத்த கச்சேரிக்குக் காசு எங்கிருந்து வரும்?

1985-ல் டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் ஒரே ஒரு முழு ஆல்பம் வெளியிட்டது. தயாரிப்பு, அந்த நிறுவனத்தை நடத்திய இயன் மெக்காய். நான்கு பாட்டுள்ள இன்னொரு தட்டு 1987-ல் வந்தபோது குழுவே இல்லை.

அப்புறம் பிச்சியோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கேன்டியும் மெக்காயுடன் ‘ஃபுகாசி’ குழுவில் சேர்ந்தார்கள். ‘முதல் எமோ குழு’ (எமோ என்றால் உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் பங்க்) என்ற பட்டம் மட்டும் பிச்சியோட்டோவுக்கு அறவே பிடிக்காது. கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்த 1985 ஆல்பத்தில் தொடங்குங்கள், சத்தமாக வைத்து.