பன்னிரண்டு பக்கக் கதையை யார் படிப்பார்கள்?

கேள்வி: ஐயா, நான் ஜெர்மனியில் படிக்கிறேன். இங்கே 'லார்ப்' என்னும் வேடமேற்பு விளையாட்டுக்கு மூன்று முறை போய்விட்டேன். தோல் கவசம், நுரை வாள் என்று 400 யூரோவுக்கு மேல் செலவழித்தேன். என் பாத்திரத்துக்கு 12 பக்கத்தில் வரலாறு எழுதினேன். ஆனாலும் யாரும் என்னைக் கண்டுகொள்வதில்லை. போர் வந்தால் கூட்டத்தோடு ஓடுகிறேன், முடிந்ததும் கூடாரத்துக்குத் திரும்புகிறேன். நல்ல காட்சிகள் எல்லாம் பழைய ஆட்டக்காரர்களுக்கே போகின்றன. என் ஜெர்மன் உச்சரிப்பும் ஒரு தடையோ என்று தோன்றுகிறது. ஏற்பாட்டாளர்களிடம் பெரிய பாத்திரம் ஒன்று கேட்கலாமா? எல்லோர் நினைவிலும் நிற்கும் ஆட்டக்காரன் ஆவது எப்படி?
– ஒரு மாணவர், டோர்ட்மண்ட்

பதில்: கேட்க வேண்டாம், தம்பி. நாளைக்கே உங்களை இளவரசனாக்கிச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தாலும், இப்போது ஆடுகிறபடியே ஆடினால், கடைசி நாள் கூடாரத்தைச் சுருட்டும்போது இதே ஏக்கத்தோடுதான் திரும்புவீர்கள். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் வாள் இருக்கிறது, கவசம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. உங்களோடு ஆடிய ஒரு மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று ஆட்டங்களில் சந்தித்தவர்களில் ஒருவருடைய பாத்திரப் பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆசை நியாயமானது. அதனால்தான் நேராகக் கேட்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். லார்ப் என்பது பார்வையாளர் இல்லாத நாடகம். எழுதி வைத்த வசனம் கிடையாது. காட்டிலோ பழைய கோட்டையிலோ கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, இரண்டு மூன்று நாள் அந்த மனிதராகவே உண்டு, உறங்கி, சண்டையிட்டு, சமாதானம் பேசுவார்கள். இங்கிலாந்தில் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982-லேயே இப்படி ஆடத் தொடங்கிவிட்டார்கள். நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் முறைவைத்து இதற்கென்று ஒரு மாநாடு நடத்துகின்றன. முதல் மாநாடு 1997-இல் ஆஸ்லோவில் நடந்தது. ஜெர்மனியில் புரோக்கெலோ என்ற சிற்றூரை ஒட்டிக் கோடையில் நடக்கும் ஆட்டத்துக்குப் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். பொழுதுபோகாதவர்களின் வேலை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். டென்மார்க்கின் ஹோப்ரோ நகரில் வேடமேற்பு வழியாகவே பாடம் நடத்தும் உறைவிடப் பள்ளி ஒன்று 2006 முதல் இயங்குகிறது.

இனி உங்கள் விஷயம். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் நானும் ஜெர்மனியில் இருந்தேன். சக ஊழியர் ஒருவர் விடாப்பிடியாக என்னை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். எண்பது பேர் ஆடிய சின்ன ஆட்டம். என் உடையும் இரவல், காலணியும் இரவல். முதல் நாள் முழுக்க உங்களைப் போலத்தான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் நான்கு பேர் ஒரு படைவீரனைத் தூக்கி வந்து சத்திரத்து மேசையில் கிடத்தினார்கள். வலது கையில் அம்பு. மருத்துவச்சியாக ஆடிய பெண்மணி சுற்றிலும் பார்த்தார். சும்மா நின்றது நான் ஒருவன்தான். விளக்கை என் கையில் திணித்து, "இவன் கண்ணை மூடாமல் பார்த்துக்கொள், பேச்சுக் கொடு" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் அவனுடைய ஊரைக் கேட்டேன். அந்த ஆட்டக்காரர் பற்களைக் கடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் ஒரு வீடு, கூரை ஒழுகும் தொழுவம், பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் என்று சொல்லிக்கொண்டே போனார். மருத்துவச்சி சாயத்தில் நனைத்த துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய நேரத்தில், என் இரவல் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணனிடம் நீ போய்ச் சொல்ல வேண்டும்" என்றார். அந்த அண்ணன் எதிர்முகாமில் இருந்தார். மறுநாள் விடியற்காலை வெள்ளைத் துணி ஒன்றைக் குச்சியில் கட்டிக்கொண்டு எதிர்முகாமுக்கு நடந்தேன். முந்தின நாள் வரை எனக்கு எந்த வேலையும் இல்லை. அன்று மாலைக்குள் இரண்டு முகாம்களுக்கும் நான்தான் தூதன்.

அந்த வீரர் செய்ததைக் கவனியுங்கள். ஜெர்மானிய ஆட்டங்கள் பலவற்றில் ஒரு மரபு உண்டு. எதைச் செய்து காட்ட முடிகிறதோ அதுதான் உன் பாத்திரத்தின் திறமை; புள்ளிக் கணக்கு எதுவும் கிடையாது. அதோடு சேர்ந்த இன்னொன்று: அடி எவ்வளவு ஆழமாகப் பட்டது என்பதை அடித்தவர் அல்ல, அடிபட்டவரே முடிவு செய்வார். அவர் நினைத்திருந்தால் ஐந்து நிமிடம் கட்டுப்போட்டுவிட்டு எழுந்து மறுபடி வாளைத் தூக்கியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ, ஆட்டம் முடியும் வரை வலது கை வராது என்று முடிவு செய்துவிட்டார். அதனால் சோறூட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடிதம் எழுத ஓர் ஆள். அவர் வாளை ஏந்திப் படையில் நிற்க ஓர் இளைஞன். தன் தோல்வியைப் பிட்டுப் பிட்டு நாலு பேருக்குக் கொடுத்தார் அந்த மனிதர். ஆட்டம் முடிந்த இரவு எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியது அவரைப் பற்றித்தான். வென்ற தளபதியின் முகம்கூட எனக்கு இன்று நினைவில் இல்லை.

உங்கள் 12 பக்கத்துக்கு வருவோம். எழுதியதில் தவறில்லை. ஆனால் களத்தில் நிற்கும் எவரும் அதைப் படிக்கப்போவதில்லை. அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்து, அதில் இன்னொருவர் இல்லாமல் உங்கள் பாத்திரத்தால் செய்ய முடியாத காரியம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அநேகமாக இருக்காது. இப்படி எழுதுகிற எல்லோரும் தங்கள் வீரனை எதற்கும் அஞ்சாதவனாக, யாரிடமும் எதுவும் கேட்காதவனாகத்தான் படைக்கிறார்கள். அவனிடம் போய்ப் பேச யாருக்கு என்ன தேவை இருக்கிறது?

ஓர் உதாரணம் சொல்கிறேன், விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் சட்டைக்குள் அரக்கு முத்திரை வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. போர்க்களத்தில் செத்த நண்பன் கொடுத்தது. யாரையாவது படிக்கச் சொல்லித்தான் தீர வேண்டும். ஆனால் யாரை நம்புவது? கடிதத்தை நீங்களே முன்கூட்டி எழுதுங்கள், படிப்பவரையும் சிக்க வைக்கிற ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும்: புதைத்து வைத்த பொருளின் இடம், முகாமில் இருக்கும் துரோகியைப் பற்றிய ஒரு குறிப்பு. முதலில் சத்திரக்காரியிடம் நீட்டுங்கள். அவள் படித்துவிட்டு வேண்டுமென்றே பொய் சொல்லலாம். சந்தேகம் வந்து பூசாரியிடம் போவீர்கள். மாலைக்குள் நான்கு பேருக்கு உங்கள் ரகசியம் தெரிந்திருக்கும், நான்கு பேரும் உங்களைத் தேடி வருவார்கள். வெளிவராமலே பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குத் திரும்ப எடுத்துவரும் ரகசியத்தால் உங்களுக்கும் பயனில்லை, மற்றவர்க்கும் பயனில்லை. மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்வதில்தான் ஆட்டமே இருக்கிறது.

பழைய ஆட்டக்காரர்களுக்கே நல்ல காட்சிகள் போகின்றன என்கிறீர்கள். போகின்றன, உண்மைதான். அவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்திருக்கிறார்கள். இன்னாரிடம் ஒரு வம்பை வீசினால் அதை எடுத்து இரட்டிப்பாக்கித் திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையை நீங்களும் சம்பாதிக்கலாம். ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே, வருகிறவர்களில் இரண்டு மூன்று பேருக்கு எழுதுங்கள். "உங்கள் படையில் என் அண்ணன் இருந்து இறந்ததாக வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். போகும்போதே உங்களுக்கு ஓர் உறவும் ஒரு மனத்தாங்கலும் அங்கே காத்திருக்கும்.

உச்சரிப்பைப் பற்றி எழுதியிருந்தது என் மனத்தைத் தொட்டது. என் ஜெர்மன் உங்களுடையதைவிட மோசம். விளக்கைப் பிடித்துக்கொண்டு இலக்கணப் பிழையோடுதான் அவன் ஊரைக் கேட்டேன், பதில் வந்தது. தொலைதேசத்து வணிகன், கீழைநாட்டு மந்திரவாதி என்று நீங்கள் கேட்காத வேடத்தை யாராவது உங்கள் மேல் போர்த்தினால், பிடிக்காவிட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்த ஊர்க் கொல்லனாகவும் காவல்காரனாகவும் ஆட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நினைவில் நிற்க வேண்டும் என்ற ஆசையில் சிலர் எல்லாக் காட்சிகளுக்கு நடுவிலும் புகுந்து கத்துவார்கள், பட்ட அடியைப் படவில்லை என்று மறுப்பார்கள். அவர்களையும் ஊர் மறப்பதில்லை, ஆனால் அடுத்த முறை பார்த்ததும் விலகிப் போகிறது. நுரை வாளுக்குள் கண்ணாடியிழைத் தண்டு இருக்கிறது. குத்தக் கூடாது, தலையில் அடிக்கக் கூடாது. யாராவது உண்மையிலேயே நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள், உங்கள் வாழ்நாளின் சிறந்த வசனம் நாக்கு நுனியில் இருந்தாலும் சரி. ஒருவர் கையைப் பிடித்து இழுக்கும் முன், ஒதுக்குப்புறமாக ஒரு நொடி அனுமதி கேட்பதால் எந்தக் காட்சியும் கெட்டுவிடாது. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பசித்த வயிறும் உறங்காத கண்ணும் இரண்டாம் நாள் மாலையில் நல்ல ஆட்டக்காரரையும் எரிந்து விழ வைக்கும்.

ஏற்பாட்டாளர்களிடம் கேட்கத்தான் வேண்டும் என்றால் வேறொன்று கேளுங்கள். அங்கே 'என்.எஸ்.சி.' என்று சொல்வார்கள். சொந்தப் பாத்திரம் இல்லாமல், கதைக்குத் தேவையான கொள்ளைக்காரன், அரக்கன், வழிப்போக்கன் என்று நேரத்துக்கொன்றாக ஆடும் துணை ஆட்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஒரு ஆட்டம் முழுக்க அப்படிப் போய் நில்லுங்கள். ஒரே நாளில் பத்து முறை சாவீர்கள். புதிதாக வந்த பதினெட்டு வயதுப் பெண் நடுங்கும் கையோடு முதல் முறையாக உங்களை வெட்டும்போது, எப்படி விழுந்தால் அவள் முகம் மலர்கிறது என்று பாருங்கள். அடுத்த ஆட்டத்துக்கு வீரனாகப் போகும்போது அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சத்திரக்காரி அதை எப்படிப் படித்துச் சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் ஒன்றில் வெளியிடுகிறேன்.