மைக்ரோவேவ் கதவு இடைவெளிக்குச் சிலிக்கன் பூசலாமா?

குளிர்சாதனப் பெட்டிக்கு இருப்பதுபோல் மைக்ரோவேவ் கதவில் இறப்பர் இல்லை, இடைவெளியில் கடதாசி நுழைகிறது, சிலிக்கன் பூசி அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள். வட்சப்பில் வந்த எதையோ காட்டி, அந்த வழியாக அலை கசியும் என்று வீட்டில் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். சுன்னாகத்தில் மின்சாதனம் திருத்துகிற எனக்கு இந்தப் பயம் பழகிப்போனது.

அந்த இடைவெளி தெரிந்தே விடப்பட்டது. சுற்றிவர உலோகத்தோடு உலோகம் ஒட்டி நிற்கும் கதவைச் செய்வது கடினம். ஒரு சோற்றுப் பருக்கை இடையில் அகப்பட்டாலே தொடர்பு விட்டுப் பொறி பறக்கும். அதனால் கதவு விளிம்பின் பிளாஸ்டிக் பட்டிக்கு உள்ளே ஒரு பள்ளம் ஓடுகிறது. உணவைச் சூடாக்கும் 2450 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. பள்ளத்தின் ஆழம் அதில் கால்வாசி, சுமார் 3 செ.மீ.; இடம் போதாவிட்டால் மடித்து வைப்பார்கள். நழுவி வரும் அலை பள்ளத்துக்குள் போய், அடியில் முட்டித் திரும்புகிறது. அப்போது பள்ளத்தின் வாயில் மின்னோட்டம் ஓட வழியில்லாமல் போகிறது. அலையைப் பொறுத்தவரை அந்த இடைவெளி மூடியே கிடக்கிறது. ராடாரில் அலையைக் கொண்டுபோகும் உலோகக் குழாய்களின் மூட்டுகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

கோண்டாவிலில் இருந்து ஓர் அம்மா ஓட்டோவில் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, அடைத்த பிறகுதான் கூடப் பொறி பறக்கிறது" என்றார். கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில் சொல்ல, அயலில் ஒருவர் பட்டியைக் கழற்றி, அலுமினியத் தாளைச் சுருட்டிப் பள்ளத்துக்குள் திணித்து, மேலே சிலிக்கனும் பூசியிருக்கிறார். திருகாணிச் சாவியால் நெம்பிப் பார்த்தேன். தாளின் ஓரம் கரிந்து, ஒரு மூலையில் பிளாஸ்டிக் கொப்பளித்திருந்தது. பள்ளத்தின் சுவரில் சீப்புப் பல் போல வெட்டுகள் இருக்கும். அலை பள்ளத்தின் நீளத்துக்கு ஓடாமல் தடுப்பவை அவை. அவற்றிலும் தாள் அடைந்து கிடந்தது. பள்ளத்தை உலோகத்தால் நிரப்பினால் தடுப்பு எங்கே இருக்கும்? கதவும் வளைந்துவிட்டது, அந்த மாதிரிக்கு வேறு கதவு கிடைக்காது, இனிப் பாவிக்க வேண்டாம் என்றேன்.

"பார்த்ததற்கே காசா?" என்று கேட்டார். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வைத்தியர் நாடி பிடித்துவிட்டு மருந்து வேண்டாம் என்றாலும் காசு கொடுக்கிறோம். பட்டறைக்காரன் மட்டும் சும்மா பார்க்க வேண்டும். ஆனால் தொலைபேசியில் வந்த மகனின் சொல் வேதவாக்கு.

"அப்படியானால் துளிகூடக் கசியாதா?" என்று கீழே ஒருவர் கேட்பார். கசியும். அமெரிக்க விதிப்படி, 5 செ.மீ. தூரத்தில் சதுர செ.மீ.க்குப் புதிய அடுப்பில் 1 மில்லிவாட்டும், பாவனையில் 5 மில்லிவாட்டும்தான் உச்ச வரம்பு. தள்ளி நின்றால் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும். அடுப்பு ஓடும்போது வைஃபை தடுமாறுவதை ஆபத்துக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள்; இரண்டும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் அற்பக் கசிவே அதற்குப் போதும். போனை உள்ளே வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனையும் வீண். போனின் அலைவரிசை பெரும்பாலும் வேறு, மிக நலிந்த சமிக்ஞையையும் அது பிடித்துவிடும். நான் பொறியியலாளன் இல்லை, படித்தவர்கள் திருத்தலாம்.

உங்கள் கதவைத் திறந்து, பெட்டியின் முகப்பைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். நிறப்பூச்சு உரிந்து கறல் ஏறியிருந்தாலோ, பிணைச்சல் ஆடினாலோ, கதவு ஒரு பக்கம் தொங்கினாலோ பாவிப்பதை நிறுத்திவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். வெளிக்கூட்டை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் மிஞ்சியிருக்கலாம்.