1,500 மீட்டர் ஓடுபாதையில் பயணிகள் ஜெட் விமானம் எப்படி இறங்குகிறது? ஆபத்தில்லையா?

விமானங்களுக்கு எடையும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். எல்லாரும் இறங்குவதைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆனால் எங்களுக்கு அதிகம் தலைவலி கொடுத்தது கிளம்புவதுதான்.

விமானம் ஓடத் தொடங்கும் முன்பே 'வி ஒன்' என்று ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அந்த வேகத்தை எட்டும் முன் ஒரு என்ஜின் செயலிழந்தால், மிச்சமுள்ள ஓடுபாதைக்குள் நின்றுவிட முடிய வேண்டும். அதைத் தாண்டிய பிறகு செயலிழந்தால் நிறுத்தவே கூடாது. இருக்கிற என்ஜினை வைத்துக்கொண்டு மேலேறிவிட வேண்டும். இந்த இரண்டுக்குமே ஓடுபாதை போதவில்லை என்றால் எதையாவது குறைத்தாக வேண்டும். நீளம் கூடப்போவதில்லை. அதனால் எடைதான் குறையும். பெரும்பாலும் முதலில் சரக்கு, அப்புறம் எரிபொருள், கடைசியில் ஆட்கள்.

லண்டன் சிட்டி விமான நிலையத்தையே பாருங்கள். ஓடுபாதை 1,508 மீட்டர். அங்கிருந்து நியூயார்க்குக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009இலிருந்து 2020 வரை ஏர்பஸ் ஏ318 விமானத்தை இயக்கியது. நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய விமானத்தில் 32 இருக்கைகள்தான் போட்டிருந்தார்கள். அப்படியும் அட்லாண்டிக்கைக் கடக்கும் அளவுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியவில்லை. அயர்லாந்தில் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொண்டார்கள். எப்படியும் நிற்கத்தானே போகிறோம் என்று அமெரிக்கக் குடியேற்றச் சோதனையையும் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது நிறுத்தம் கிடையாது. நியூயார்க்கில் ஓடுபாதை நீளம். லண்டனை நெருங்கும்போது எரிபொருள் எரிந்து விமானம் லேசாகியிருக்கும். ஆக, அதே ஓடுபாதை இறங்கப் போதும், கிளம்பப் போதாது.

வெயிலும் கணக்கில் வரும். காற்று சூடானால் அடர்த்தி குறையும், என்ஜின் தரும் உந்துவிசையும் குறையும், மேலெழும்ப இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். காலையில் முழுச் சுமையோடு போன விமானத்தால் அதே நாள் மதியம் அதே சுமையைத் தூக்க முடியாமல் போகலாம். மேட்டு நிலத்தில் உள்ள விமான நிலையம் என்றால் இன்னும் மோசம்.

சரி, இறங்குவதற்கு வருவோம். ஓடுபாதை விளிம்பை 50 அடி உயரத்தில் கடந்து, தொட்டு, பிரேக் போட்டு நிற்கும் வரையான தூரத்தைச் சோதித்து அளந்து வைத்திருப்பார்கள். ஜெட் விமானம் கிளம்பும் முன்பு போடும் கணக்கில் அந்தத் தூரம், போய்ச் சேரும் ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 1,500 மீட்டர் என்றால் 900 மீட்டருக்குள். ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் தேவையான நீளத்தில் இன்னொரு 15 சதவீதம் கூட்ட வேண்டும். காய்ந்த ஓடுபாதைக்கான இந்தக் கணக்கில் ரிவர்ஸ் த்ரஸ்ட்டை, அதாவது என்ஜினின் உந்துவிசையை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைப்பதை, சேர்ப்பதில்லை, அது கூடுதல் கையிருப்பு.

ஆகவே ஓடுபாதை குட்டை என்பது பிரச்சினையே இல்லை, அது முன்கூட்டியே தெரிந்த விஷயம். விமானம் இறங்கும் விதத்தில்தான் மிச்சம் வைத்த அந்த 40 சதவீதம் கரைகிறது. 140 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வர வேண்டியது 150இல் வந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 15 சதவீதம் கூடிவிடும். தரையைத் தொடாமல் மிதக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 70 மீட்டர் போய்விடும். 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் நடந்த விபத்தை நினைத்துப் பாருங்கள். 2,700 மீட்டர் ஓடுபாதை, லண்டன் சிட்டியை விட எவ்வளவோ நீளம். மழை, பின்காற்று, சக்கரம் தரையைத் தொட்டதே ஏறக்குறைய பாதி ஓடுபாதை கழிந்த பிறகு. 21 பேர் இறந்தார்கள்.

குட்டை ஓடுபாதைக்கென்றே செய்யும் மாற்றங்களும் உண்டு. ரியோவின் சாந்தோஸ் துமோன் விமான நிலைய ஓடுபாதை 1,323 மீட்டர்தான். அதை மனதில் வைத்து போயிங் 737-800க்கு ஒரு தனித் தொகுப்பே வந்தது. இறங்கியதும் இறக்கைமேல் எழும் ஸ்பாய்லர்கள் கூடுதல் கோணத்தில் எழும்பும்படி செய்தது அதில் ஒன்று. ஸ்பாய்லர் தூக்குவிசையைக் கொன்றால்தான் எடை முழுக்கச் சக்கரத்தில் விழும், பிரேக் பிடிக்கும். பிஏஇ 146 என்ற பழைய விமானத்தில் ரிவர்ஸ் த்ரஸ்ட்டே கிடையாது. வால் முனை இரண்டாகப் பிளந்து காற்றைத் தடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த விமானம் அது.

இன்னொன்று: குட்டை ஓடுபாதையில் 'டொக்'கென்று இறங்கினால் விமானியைத் திட்டாதீர்கள். பூப்போல இறக்க நினைத்து மிதக்கவிட்டால்தான் தப்பு. அழுத்திப் பிடித்த பிரேக் ஆறும் வரை அடுத்த பயணம் தாமதமாகவும் செய்யும். சூடான பிரேக்கோடு ஓடத் தொடங்கி நடுவில் நிறுத்த நேர்ந்தால் அது தாங்காது.

இத்தனைக்கும் பிறகு தாண்டிப் போனால்? சில விமான நிலையங்களில் ஓடுபாதை முடிந்த இடத்தில் நொறுங்கக்கூடிய கான்கிரீட் படுகை போட்டிருப்பார்கள். சக்கரம் அதில் புதைந்து விமானம் நிற்கும். 2016 அக்டோபரில், அப்போது அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ் பயணித்த போயிங் 737, நியூயார்க் லகார்டியாவில் ஈர ஓடுபாதையின் பாதியைத் தாண்டித் தரையைத் தொட்டு, கடைசியில் இந்தப் படுகையில் போய்த்தான் நின்றது. யாருக்கும் காயமில்லை.