சி-ஏ-டி கேட், கேட்னா பூனை

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பெல்லிங் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.)

அக்கா, ஜூன் மாதத்திலிருந்து பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். வயது எட்டு. கணக்கு, வாசிப்பு எல்லாம் பரவாயில்லை, இங்கிலீஷ் ஸ்பெல்லிங்தான் தலைவலி. தெரிந்த ஹோம்ஸ்கூலிங் அம்மாக்கள் வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைச் சொல்கிறார்கள். ஏழு லெவல், ஒரு லெவலே நாலாயிரத்தைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டில் ஒரே சம்பளம். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா? அவன் எழுதிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— கோவை வாசகி

கடனா? வேண்டவே வேண்டாம். நான் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவள் என்பதால் சொல்கிறேன். என் மூத்தவளுக்கு ஏழு வயதில் பெரிய பெட்டி ஒன்று வரவழைத்தேன், காந்தம் ஒட்டிய எழுத்துக்கட்டைகள், வண்ண அட்டைகள், அம்மா என்ன பேச வேண்டும் என்பதைக்கூட வரிக்கு வரி எழுதிவைத்த புத்தகம். மூன்று மாதத்தில் கட்டைகள் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போயின, இரண்டு எம் எழுத்தும் ஒரு எஸ் எழுத்தும் இன்றுவரை அங்கேதான் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெட்டி மோசம் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு என்ன வரவில்லை என்று பார்க்காமலே வாங்கியதுதான் தப்பு.

உங்கள் பையன் பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு பிழை. முதல் பார்வைக்குப் பயமாக இருக்கும், ஆனால் பிரித்துப் பாருங்கள். 'ஹேவ்' என்பதை இரண்டு இடத்தில் எச்-ஏ-வி என்று முடித்திருக்கிறான், 'கிவ்' ஒரு இடத்தில் ஜி-ஐ-வி. 'ரன்னிங்', 'சிட்டிங்', 'ஸ்டாப்பிங்' மூன்றிலும் ஒற்றை எழுத்து. முதுகைக் குறிக்கும் 'பேக்' பி-ஏ-கே, உடம்பு சரியில்லை என்ற 'சிக்' எஸ்-ஐ-கே. மிச்சம் மூன்று: பிகாஸ், ஸ்கூல், ஃபிரண்ட். அவ்வளவுதான். பதினொன்றில் எட்டு, மூன்றே மூன்று விதியில் அடங்கிவிட்டன. பாக்கி மூன்றும் மனதில் பதிய வேண்டிய சொற்கள்.

முதல் விதி: இங்கிலீஷ் சொல் பொதுவாக வி எழுத்தில் முடியாது, பின்னால் ஒரு இ வந்து உட்காரும், அதற்குச் சத்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறும் பாருங்கள், 'அட, அதுக்குத்தானா!' என்று. லிவ், லவ், கிவ், ஹேவ் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடும்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. கல் + எறிந்தான் என்ன ஆகிறது? கல்லெறிந்தான். கால் + அடி? காலடி. முன்னதில் ல் இரட்டிக்கிறது, பின்னதில் இல்லை, ஏனென்றால் க குறில், கா நெடில். 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூலில் படித்தோமே, அதேதான். ரன் என்பதில் குறில் ஓசை, பின்னால் ஒரே ஒரு மெய், அதன் மேல் ஐ-என்-ஜி என்ற உயிரில் தொடங்கும் ஒட்டு வந்து ஏறுகிறது, என் இரட்டிக்கிறது. 'ரெய்ன்' என்பதில் நெடில் ஓசை, அதனால் 'ரெய்னிங்' ஒற்றை என்தான். கொஞ்சம் நீளமான சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டிவரும், அது பிறகு. எட்டு வயதுக்கு இது போதும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இந்த விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் இப்படிச் சொல்லித்தரமாட்டார்கள்!

மூன்றாவதும் குறில் சமாச்சாரமே. ஒரே அசைச் சொல்லில் குறிலுக்கு ஒட்டினாற்போல் க் ஒலி வந்து முடிந்தால் சி-கே. நடுவில் வேறு மெய் வந்தாலோ (மில்க்), ஓசை நீண்டாலோ (வீக்) வெறும் கே.

ஆக, அடுத்த மூன்று வாரத்துக்கு உங்கள் பாடத்திட்டம் உங்கள் கையிலேயே இருக்கிறது. வாரம் ஒரு விதி. தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், அவன் திருப்பிச் சொல்லட்டும், ஒலி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும், அப்புறம் எழுதட்டும். எழுதியதை அவனே புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், நீங்கள் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். ஏழெட்டுச் சொல் முடிந்ததும் அவற்றில் இரண்டு மூன்றை வைத்து ஒரு வாக்கியம் டிக்டேஷன். இது முக்கியம். தனிச் சொல்லாகக் கேட்டால் சரியாக எழுதும் பிள்ளை, கதை எழுதும்போது கோட்டைவிடும்.

தப்பிய சொல்லை ஒரு தனி நோட்டில் ஏற்றுங்கள். வேறு வேறு மூன்று நாட்களில் சரியாக எழுதினால் அடித்துவிடலாம், அடிக்கும் உரிமை அவனுக்கு. ஆனால் இம்போசிஷன் மட்டும் கூடாது. நாமெல்லாம் பத்துத் தடவை எழுதியவர்கள்தான், முதலில் எஸ் எல்லாவற்றையும் நேராகக் கீழே வரிசையாக எழுதிக்கொண்டு, பிறகு அடுத்த எழுத்தை வரிசையாக... ஞாபகம் இருக்கிறதா? கை வலித்தது, சொல் எங்கே பதிந்தது? சி-ஏ-டி கேட், கேட்னா பூனை என்று ராகம் போட்டுக் கத்தியதும் அதே கதை. எழுத்தின் பெயரைப் பாடினோமே தவிர எந்த எழுத்து எந்த ஒலிக்கு என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

எழுத்துக்கட்டை வேண்டுமென்றால் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளுங்கள், அந்த அட்டையின் கனம் இதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். மணல் தட்டு என்று ஒன்று விற்கிறார்களாம், விரலால் எழுதிப் பழக. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில்தான் எழுதினார்கள். எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் கவனித்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இதைப் பார்த்துத் தன் மாணவர்களுக்கும் மணலைக் கொண்டுவந்து, 1797-இல் லண்டனில் புத்தகமே போட்டார். நம் மணலையே இப்போது டாலரில் வாங்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் ரவை கொட்டினால் போதும்.

விதிகள் தீர்ந்ததும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் லியனார்ட் அயர்ஸ் என்பவர் 1915-இல், ஆங்கிலத்தில் மிக அதிகமாக எழுதப்படும் ஆயிரம் சொற்களை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார். காப்புரிமை முடிந்த பட்டியல், இணையத்தில் இலவசம். பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வாரம் இருபது சொல் டெஸ்ட் வையுங்கள், தப்பியவற்றை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். தெரிந்ததை மறுபடி மறுபடி எழுதவைப்பதில்தான் பாதி நேரம் போகிறது.

அப்படியும் ஒரு புத்தகம் கையில் இருந்தால்தான் தைரியம் என்றால் ஒன்று பாருங்கள்: பிள்ளை எழுதித் தீர்க்கும் ஒர்க்புக்கா, அம்மா பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் புத்தகமா? முதலாவது ஒரு வருடத்தில் குப்பை, தம்பி தங்கைக்கு மறுபடி வாங்க வேண்டும். இரண்டாவது பத்து வருடம் இருக்கும். அதிலும் ஒரே ஒரு லெவல், முடிந்தால் பழசு. உங்கள் ஊரில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஒரு சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவசரமும் வேண்டாம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் பரீட்சை எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத 14 வயது ஆக வேண்டும், உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது. ஆனால் நான்கைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒலிக்கும் எழுத்துக்கும் தொடர்பே பிடிபடவில்லை, வாசிப்பும் திணறுகிறது என்றால் வேறு பாடத்திட்டம் தேடாமல் டிஸ்லெக்ஸியா (வாசிப்பையும் எழுத்தையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறது. உங்கள் பையன் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, காதில் விழுவதைத்தான் எழுதுகிறான், நல்ல அறிகுறி.

நோவா வெப்ஸ்டர் என்பவரின் பழைய ஸ்பெல்லிங் புத்தகம் இலவசமாகக் கிடைத்தது, முழுக்கப் பிரின்ட் எடுத்துவிட்டேன். நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?
— திருச்சி வாசகர்

பிரின்ட் எடுக்கும் முன்னால் கேட்டிருக்கலாம்! 1783-இல் முதலில் வந்தது, நீல அட்டைப் புத்தகம் என்றே பெயர், அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக அதில்தான் படித்தார்கள். அசை பிரித்துச் சொல்லவைக்கும் அட்டவணைகள் இன்றும் அருமை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் பழங்காலத்து நெடி அடிக்கும், தாண்டிப் போய்விடலாம். இன்னொன்று, 'கலர்' சொல்லில் இருந்த யு எழுத்தை அமெரிக்காவிலிருந்து விரட்டியதில் பெரிய பங்கு இதே மனிதருடையது, அவருடைய 1828 அகராதியில் அது கிடையாது. நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழியில் போகின்றன. கலர், ஃபேவரிட், சென்டர் மாதிரிச் சொற்கள் வரும்போது பக்கத்தில் பென்சிலால் நம் ஸ்பெல்லிங்கை எழுதிவையுங்கள்.

இங்கிலீஷை விடுங்கள், என் மகளுக்குத் தமிழிலேயே ந, ன, ண குழப்பம். இதற்கு ஏதாவது பாடத்திட்டம் உண்டா?
— ஓசூர் வாசகி

காசு கொடுத்து எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அரசுத் தளத்திலேயே இலவசம், ஒன்றாம் வகுப்பிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இந்த மூன்று எழுத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. சொல்லின் முதலில் வந்தால் ந மட்டுமே, மற்ற இரண்டும் தமிழில் முதலில் வராது. நடுவில் மெய்யாக வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள்: த வந்தால் ந் (பந்து), ட வந்தால் ண் (வண்டு), ற வந்தால் ன் (கன்று). பாதிக் குழப்பம் இதிலேயே ஒழியும். மிச்சம் மனம், மணம் மாதிரி இணைகள், அவற்றைப் பொருளோடு பழக்க வேண்டும்: மல்லிகைக்கு மணம், நமக்கு மனம். ற, ர விஷயத்திலும் அப்படித்தான், தமிழ்ச் சொல்லில் இரட்டித்து வந்தால் அது ற்ற, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ல, ள, ழ மூன்றுக்கும் குறுக்குவழி இல்லை. நீங்கள் வீட்டில் 'வாளப்பளம்' என்று சொன்னால் அவளும் அப்படித்தான் எழுதுவாள்.

ஃபோனே எல்லாவற்றையும் திருத்திவிடுகிறதே, இந்தக் காலத்தில் ஸ்பெல்லிங்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?
— மதுரை வாசகர்

இல்லாத சொல்லைத்தான் ஃபோன் பிடிக்கும், தப்பான இடத்தில் உட்கார்ந்த சரியான சொல்லைப் பல நேரம் விட்டுவிடும். 'ஹோப்பிங்' என்றால் ஆசையாகக் காத்திருப்பது, ஒற்றைப் பி. 'ஹாப்பிங்' என்றால் நொண்டியடிப்பது, இரட்டைப் பி. என் இளையவன் ஊரிலிருந்த தன் சித்திக்கு 'உங்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறேன்' என்று இங்கிலீஷில் அனுப்பினான், ஒரு பி அதிகமாகப் போட்டு. ஃபோன் வாயே திறக்கவில்லை. சித்தியிடமிருந்து பதில் வந்தது: "எந்தக் காலுடா?"