பழைய ஷூட்டர் கேம்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: 2016ல வந்த டூம் முடிச்சேன், செமயா இருந்துச்சு. அதே ஜோர்ல அதோட அடுத்த பாகம் டூம் எடர்னல் போட்டா பாதி சண்டையிலயே தோட்டா தீர்ந்து போகுது. எல்லாரும் ரெண்டாவதுதான் பெஸ்ட்னு சொல்றாங்களே, எனக்குத்தான் ஆடத் தெரியலையா?

பதில்: அப்படியெல்லாம் இல்லைங்க. எடர்னல்ல வேணும்னேதான் தோட்டாவ கம்மியா வெச்சிருக்காங்க. 2016 டூம்ல பிடிச்ச துப்பாக்கி ஒண்ணு கையில இருந்தா பெரும்பாலான சண்டைய அதையே வெச்சு ஓட்டிடலாம், உங்க கை அதுக்குத்தான் பழகியிருக்கு. எடர்னல்ல செயின்சாவால சின்ன எதிரிய அறுத்தா தோட்டா கொட்டும், நெருப்ப அடிச்சுட்டு சுட்டா ஆர்மர் கொட்டும், தடுமாறி நிக்கிறவன கையாலயே முடிச்சா ஹெல்த் வரும், இந்த மூணையும் சண்டை நடக்கும்போதே மாத்தி மாத்தி செஞ்சுட்டே இருக்கணும், ஒண்ண மறந்தாலும் திண்டாட்டம்தான். செயின்சாவோட பெட்ரோல் அளவுல முதல் கட்டம் மட்டும் தானாவே ரொம்பிடும், அதனால சேத்து வைக்காம தாராளமா யூஸ் பண்ணுங்க. ககோடீமன்னு உருண்டையா பறந்து வர்ற பெரிய எதிரி வந்தா வாய்க்குள்ள ஒரு கிரனேட், அவ்ளோதான், அது தடுமாறி நிக்கும். இது கைக்கு வந்துடுச்சுன்னா 2016 டூம் கொஞ்சம் மெதுவாத்தான் தெரியும். ஆனா அந்த மார்ஸ் பேஸ்ல தனியா நடக்குற ஃபீல் முதல்லதான் இருக்கு. சண்டைக்கு எடர்னல், மூடுக்கு 2016, என் கணக்கு இதுதான்.

கேள்வி: பழைய ஷூட்டர் எதுவுமே ஆடினதில்ல. ஹாஃப் லைஃப், ஃபியர், பழைய டூம்னு லிஸ்ட் நீளமா இருக்கு, கிராபிக்ஸ் பாத்தாலே மனசு வரல. எந்த வரிசையில ஆடலாம்?

பதில்: வருஷ வரிசையில போகாதீங்க, பாதியில விட்டுடுவீங்க. பின்னாடியிருந்து முன்னாடி போங்க. 2005ல வந்த ஃபியர்ல ஆரம்பிங்க. அதுல எதிரிங்க ஒருத்தருக்கொருத்தர் கத்திப் பேசிக்குவாங்க, அலமாரிய தள்ளிவிட்டு மறைவு தேடுவாங்க, ஜன்னல் வழியா குதிச்சு சுத்தி வருவாங்க, நீங்க ஸ்லோ மோஷன் போட்டு சுட்டா சுவர் சிதறி ரூமே தூசியா ஆகிடும். இன்னைக்கு வர்ற பல கேம்லயும் எதிரிக்கு இந்த அளவு மூளை இல்ல. 2009ல வந்த ரெண்டாம் பாகத்துல சுவரோரமா சாஞ்சு எட்டிப் பாக்குற வசதியவே தூக்கிட்டாங்க, எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அப்புறம் 2004 ஹாஃப் லைஃப் 2. ரேவன்ஹோம்னு ஒரு ஊர் வரும், அங்க பொருள இழுத்து வீசுற கிராவிட்டி கன்னால ரம்பத் தட்ட எடுத்து வீசிப் பாருங்க. அது பிடிச்சா 1998ல வந்த முதல் பாகம். அந்த கிராபிக்ஸ் ஒத்து வரலைன்னா ரசிகர்களே திரும்பச் செஞ்ச பிளாக் மேசா இருக்கு, 2020ல முழுசா வந்துச்சு.

கடைசியா 1993 டூம். மேல கீழ பாக்க முடியாது, குதிக்க முடியாது, நேரா சுட்டா மாடியில நிக்கிறவனுக்கும் குண்டு தானா போகும். பத்து நிமிஷத்துல பழகிடும். 1994ல வந்த டூம் 2ல இரட்டைக் குழல் ஷாட்கன் வந்துச்சு, செத்தவங்கள எழுப்பி விடுற ஆர்ச்வைல் வந்துச்சு. ஆயுதமும் எதிரியும் ரெண்டாவதுல பிரமாதம், ஆனா லெவல் அமைப்புல முதல் டூமுக்குத்தான் என் ஓட்டு, ரெண்டாவதுல ஊர் மாதிரி வர்ற பெரிய மேப்புங்கள்ல வழி தேடியே பாதி நேரம் போயிடும்.

கேள்வி: முதல் பாகம் ஆடாம நேரா ரெண்டாம் பாகம் போகலாமா?

பதில்: டைட்டன்ஃபால் 2க்கு தாராளமா போகலாம், முதல் பாகத்துல தனியா ஆடுற கதையே கிடையாது. ரெண்டாவதுல ஒரு பட்டன் தட்டினா காலம் மாறுற லெவல் ஒண்ணு இருக்கு, நிகழ்காலத்துல இடிஞ்சு கிடக்குற வழி கடந்தகாலத்துல திறந்திருக்கும், பாய்ற நேரத்துலயே மாத்தணும், விட்டுடாதீங்க. பயோஷாக் மட்டும் முதல்ல இருந்து ஆடுங்க, அந்தக் கடலடி நகரத்த முதல் தடவ பாக்குற அனுபவம் ரெண்டாவதுல கிடைக்காது.

கேள்வி: பழைய கேம் ஆடினா தலை சுத்துது.

பதில்: செட்டிங்ஸ்ல பார்வைக் கோணத்த அகலமாக்குங்க, நடக்கும்போது திரை ஆடுறத ஆஃப் பண்ணுங்க. அப்பவும் சுத்துச்சுன்னா அன்னைக்கு நிறுத்திட்டு மறுநாள் ஆடுங்க.