மழை, கட்சி, தண்டாஸ்: ஞாயிறு கேள்வி பதில்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கோப்பிக் கடையில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளூராட்சி ஒன்றில் 30 வருடத்துக்கு மேல் சுகாதாரப் பிரிவில் இருந்து, தண்டாஸ், அதாவது கழிப்பறைக் கதவுகளைத் தட்டித் தட்டி ஓய்வு பெற்றவன் நான். வானிலையும் அரசியலும் கோப்பிக் கடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நீளமான கேள்விகளைச் சுருக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செந்தூல் அக்கா: காலையில் துணி காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சொல்லி வைத்த மாதிரி 4 மணிக்கு மழை. கோலாலம்பூர் மழைக்குக் கடிகாரம் இருக்கிறதா?

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் கிட்டத்தட்ட இருக்கிறது அக்கா. அது ஒரு பருவக்காற்று போய் இன்னொன்று வருகிற இடைவெளி, காற்று அடங்கிக் கிடக்கும். காலை வெயிலில் தரை நன்றாகச் சூடேறும், மதியத்துக்கு மேல் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும், தித்திவாங்சா மலைப்பக்கம் போய் மேலே ஏறும், 3 மணிக்கு வானம் கறுக்கும், அப்புறம் இடியோடு கொட்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆபத்து வேறு நேரத்தில். சுமத்ராவில் கிளம்பும் இடிமழை வரிசை நீரிணையைத் தாண்டி வந்து விடியற்காலையில் அடிக்கும். அதனால் ஏப்ரலில் மதியம் 1 மணிக்குத் துணி எடுக்க வீட்டில் ஆள் வேண்டும், ஜூலையில் இரவெல்லாம் கொடியில் விடக்கூடாது.

பாயான் பாரு தம்பி: அக்டோபரில் குடிபுகுகிறோம், வாசலில் கூடாரம். குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி நட்டால் மழை வராது என்கிறார்களே, நம்பலாமா?

சட்னிக்கு ஆகும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை அதிகமான மாதங்கள். கூடாரத்துக்குப் பக்கத் திரையும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். முடிந்தால் ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு மலைத்தொடரைத் தாண்டி நம்மிடம் வரும்போது காய்ந்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அது தெரியும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2017 நவம்பர் 4 இரவு தொடங்கிய மழையில் மறுநாள் பினாங்கே மிதந்தது, உயிர்ப்பலியும் ஆனது. எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி மல்லாந்து மிதந்ததை இன்னும் மறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: 30 காசு கொடுத்துப் பொதுக் கழிப்பறைக்குள் போனால் தரை முழுக்கத் தண்ணீர். காசும் வாங்கிக்கொண்டு ஏன் இப்படி?

என் பாடமே இதுதான், கொஞ்சம் நீளும்.

எல்லாரும் ரப்பர் குழாயைத் திட்டுகிறார்கள். நாம் தண்ணீரில் கழுவுகிற மக்கள், குழாய் இருந்தே ஆகவேண்டும். நான் போன இடங்களில் பாதிக்கு மேல் பார்த்தது இதுதான்: சுவரில் குழாய் மாட்டும் கொக்கி உடைந்திருக்கும், அதை மாற்றச் சில வெள்ளிதான் ஆகும், யாரும் மாற்றமாட்டார்கள். குழாயின் வாய் தரையில் கிடந்து சொட்டிக்கொண்டே இருக்கும், அடுத்து வருபவர் அதைக் கையால் தொட அருவருத்துக் காலால் தள்ளுவார், தலைப்பும் உடையும். இரண்டாவது, தரையின் சாய்வு. நான் பையில் ஒரு கோலிக்குண்டு வைத்திருப்பேன். கதவருகே விட்டால் அது தானாக உருண்டு தரை வடிகாலுக்குப் போகவேண்டும். பல இடங்களில் நேராக என் சப்பாத்துக்கே திரும்பி வரும். மார்பிள் மாதிரி டைல் போட்டுச் செலவழித்திருப்பார்கள், சாய்வு மட்டும் தலைகீழ். அங்கே எத்தனை தடவை துடைத்தாலும் ஈரம் போகாது, துடைக்கிற அம்மாவைத் திட்டிப் பயனில்லை.

பொதுக் கழிப்பறைக்கென்றே எம்எஸ் 2015 என்ற மலேசியத் தரம் இருக்கிறது. 2015 என்பது வருடம் இல்லை, வரிசை எண். எப்படிக் கட்டுவது, எப்படிப் பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் தரம் வேறு, சட்டம் வேறு. கடிக்கிற பல் உள்ளூராட்சியின் உரிம நிபந்தனையில்தான் இருக்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கிற மாதம் நெருங்கினால் கடைக்காரர் வாளியோடு ஓடுவதைப் பாருங்கள். புகார் கொடுப்பதானால் இடம், தேதி, நேரம் எழுதி, உடைந்த கொக்கியைப் படம் எடுத்து அனுப்புங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'நாறுகிறது' என்று மட்டும் எழுதினால் அந்தப் புகாரும் அங்கேயே கிடந்து நாறும்.

ஈப்போ ரோடு தம்பி: தண்டாஸுக்குள் வேப் அடிக்கலாமா?

கூடாது. 2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த புதிய புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வேப்பும் மாட்டிக்கொண்டது.

கிள்ளான் அண்ணன்: கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்துவிட்டதே, இனித் தவளைகளே கிடையாதா?

மழைக்காலத்தில் இப்படியொரு கேள்வி! 2020 பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த கூத்தில், 2018-ல் நாம் வரிசையில் நின்று கொண்டுவந்த ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம் 2022 அக்டோபர் 5-லிருந்து நடப்பில் இருக்கிறது. ஒரு கட்சியில் நின்று ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர் தானாக விலகினாலோ வேறு கட்சியில் சேர்ந்தாலோ நாற்காலி போய்விடும். ஆனால் கட்சியே அவரை நீக்கினால் நாற்காலி தப்பும். முழுக் கட்சியும் ஒரு கூட்டணியை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் தப்பும். ஆகத் தனித்தவளை குதித்தால்தான் குற்றம், குளத்தோடு போனால் இல்லை. என்னைக் கேட்டால் பாதிச் சட்டம். ஆனால் முன்னே அந்தப் பாதிகூட இல்லையே.

பட்டர்வொர்த் அக்கா: எங்கள் சந்தைக் கழிப்பறைக்கு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் கதவு வரும்? ராக்கெட்டா, தராசா?

ராக்கெட் ஜனநாயக செயல் கட்சி, தராசு தேசிய முன்னணி. இரண்டு பேரும் நேரடியாகப் போடமாட்டார்கள் அக்கா. கதவு நகராண்மையின் வேலை, அதற்கு நமக்கு ஓட்டே இல்லை. மலாயாவிலேயே முதலில் நகராண்மைத் தேர்தல் நடந்த ஊர் நம் ஜார்ஜ் டவுன், 1951-ல். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், 1965-ல் உள்ளூராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இன்றைக்கு மன்ற உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது, கோலாலம்பூர் மேயரும் நியமனம்தான். நியமனமானவர்களில் நல்லவர்களும் உண்டு, எனக்கு நாலு பேரைத் தெரியும். ஆனால் கதவு இல்லாததால் அவர்களுக்கு ஓட்டுக் குறையாது. அந்தப் பயம் இல்லாத இடத்தில் கொக்கி உடைந்தேதான் கிடக்கும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய் நில்லுங்கள், அவருக்குத்தான் ஓட்டு வேண்டும், அவர் ஃபோன் போட்டால் அந்தப் பக்கம் எடுப்பார்கள்.

கூடவே ஒன்று. நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள். 2022 பொதுத்தேர்தல் நடந்ததும் அதே நவம்பர் 19-ல், பருவமழைக் காலத்தில். சரவாக்கின் பாரம் தொகுதியில் சில இடங்களில் மோசமான வானிலையால் ஓட்டுப்பதிவே தள்ளிப்போனது. 222 இடத்தில் யாருக்கும் 112 கிடைக்காமல் ஐந்து நாள் புதிய பிரதமர் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். நான் ஓட்டுப்போட்ட பள்ளிக்கூடத்தில் ஆண்கள் கழிப்பறை பூட்டு. வரிசையில் ஒன்றரை மணி நேரம், எனக்கு வேறு சர்க்கரை வியாதி. விரலில் மையோடு எதிரே இருந்த கோப்பிக் கடைக்கு ஓடினேன்.

பூச்சோங் தங்கை: ஒருவாரம் ஊருக்குப் போய் வந்தால் வீட்டுக் கழிப்பறை நாறுகிறது. அமிலமும் பிளீச்சும் சேர்த்து ஊற்றினேன், பளபளக்கிறது, ஆனால் கண் எரிகிறது, இருமல் வருகிறது.

முதலில் வெளியே வா, கதவு ஜன்னலைத் திறந்துவிடு, மீதியை அப்புறம் படி. இருமல் நிற்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போ. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது விளையாட்டில்லை. உன் வீட்டில் அழுக்கே இல்லை, தரை வடிகாலுக்குள் நிற்கிற தண்ணீர் ஒருவாரத்தில் வற்றியிருக்கும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிற மூடி. ஊரிலிருந்து வந்ததும் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்று.